கைக்கு எழுத்து ஓடாவிட்டால்: டிஸ்பிராக்சியாவும் கெம்பஸ் படிப்பும்

வாசகர் கேள்வி – பதில்

உடல் அசைவுகளைத் திட்டமிட்டுச் செய்வதில் சிறு வயதிலிருந்தே இருக்கும் தடையைத்தான் டிஸ்பிராக்சியா என்கிறோம். வைத்திய அறிக்கைகளில் ‘விருத்திசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்ற பொருளில் டி.சி.டி. என்று எழுதுவார்கள். தசை பலமாக இருக்கும், புத்தியிலும் குறை இருக்காது. என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரியும், ஆனால் கை கால் அதைச் செய்து தராது. பிள்ளைகளில் 100 பேருக்கு 5, 6 பேர் இப்படி இருக்கிறார்கள். வளர்ந்த பிறகும் பலருக்கு இது தொடர்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கடிதங்களில் பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றியவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவு, இரண்டாம் வருடம். பாடம் எல்லாம் விளங்குகிறது. ஆனால் மூன்று மணித்தியாலப் பேப்பரில் ஐந்து கேள்விக்கு மூன்றுதான் முடிக்கிறேன். கடைசிப் பக்கங்களை எனக்கே வாசிக்க முடிவதில்லை. சப்பாத்து நாடா கட்டப் பழகவே எனக்குப் பத்து வயதாகிவிட்டது. இது டிஸ்பிராக்சியாவாக இருக்குமா? யாரிடம் போவது?
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: சப்பாத்து நாடா விஷயத்தையும் எழுதியது நல்லது, தங்கச்சி. வைத்தியர் தேடுவதே அப்படியான தகவலைத்தான். டிஸ்பிராக்சியா என்று முடிவு சொல்ல நான்கு விஷயங்கள் பொருந்தி வரவேண்டும். அசைவுத் திறன் வயதுக்கு உரிய அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். அது படிப்பையோ அன்றாட வேலையையோ பாதிக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பார்வைக் குறைவு, நரம்பு நோய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்ற வேறொன்றால் அதை விளக்க முடியாதிருக்க வேண்டும். போன வருடம் வரை நன்றாக எழுதிய கை இப்போதுதான் தடுமாறுகிறது, ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருக்கிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது வேறு வருத்தம். அப்படியானவர்கள் செமஸ்டர் முடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நீங்கள் முதலில் பல்கலைக்கழகச் சுகாதார நிலைய வைத்தியரைப் பாருங்கள். அவர் தரும் கடிதத்தோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நரம்பியல் அல்லது உளநல வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போகலாம். அங்கே, தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள். நிபுணர் வருத்தத்தின் பெயரை எழுதுவார். உங்கள் கை எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறது என்பதை அளந்து எழுதப் பழகியவர் சிகிச்சையாளர்தான். பின்னால் பீடத்துக்குத் தேவைப்படப்போவது அந்த அளவுதான்.

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். வெறுங்கையோடு போனால் ‘எழுத்துத் தெளிவில்லை’ என்ற ஒரு வரியோடு திரும்ப வேண்டிவரும். நீங்கள் குழந்தையாக இருந்தபோது அம்மாவிடம் கொடுத்த சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது நடந்தீர்கள் என்ற பதிவுகள் அதில் இருக்கக்கூடும். 2004 சுனாமியில் எல்லாத் தாளும் போன குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய. உங்கள் வீடும் அப்படியானால், ஆரம்ப வகுப்பில் படிப்பித்த ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு பந்திக் கடிதம் வாங்கலாம். பழைய தேர்ச்சி அறிக்கைகள், பாடசாலைக் கொப்பி ஒன்றிரண்டு, இப்போதைய விரிவுரைக் குறிப்புகள் ஆகியவற்றையும் எடுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து வயதில் பட்டன் பூட்டியது யார் என்று உங்களுக்கு நினைவிருக்காது, அவவுக்கு இருக்கும்.

இன்னொன்றை வீட்டிலேயே செய்யலாம். ஆங்கிலத்தில் 17 முதல் 25 வயதினரின் எழுத்து வேகத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. அதன் அளவுகோல் ஆங்கில எழுத்துக்கு உரியது, தமிழ் மூலம் எழுதும் ஒருவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதிலுள்ள ஒரு முறையை எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த ஒரு தலைப்பில் 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். ஒவ்வொரு 2 நிமிடத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் “கோடு” என்று சொல்ல, எழுதிய இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். சொற்களை எண்ணவேண்டாம், தமிழில் ‘வா’ என்பதும் ஒரு சொல், ‘கொண்டுவரப்பட்டதிலிருந்து’ என்பதும் ஒரு சொல். அடுத்து ஒரு மணித்தியாலம் வழமைபோல் குறிப்பு எழுதிவிட்டு, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். உங்கள் பெட்ச் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையும் அதே தலைப்பில் எழுதவையுங்கள். திகதி போட்டு எல்லாத் தாள்களையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் உள்ள இறக்கத்தை எந்த வைத்தியரும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

கேள்வி: ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். என் அறிக்கையில் டி.சி.டி. என்று மட்டும் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். “சரி தம்பி, உமக்கு இப்ப என்ன செய்து தரவேணும்?” என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: அவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. வருத்தத்தின் பெயரை வைத்துக்கொண்டு எந்தப் பீடமும் எதையும் தீர்மானிக்க முடியாது. உங்கள் விண்ணப்பம் பீடச் சபையிலும் அதற்கு மேலேயும் வாசிக்கப்படும்போது அங்கே இருப்பவர்களில் பலர் உங்களை நேரில் கண்டிருக்கமாட்டார்கள். எந்த வேலை தடைப்படுகிறது, எவ்வளவு, எது தந்தால் அது சரிவரும் என்பதைக் கடிதமே அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

துறைத் தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு எழுதுங்கள். பரீட்சைக் கிளைக்கும் மாணவ ஆலோசகருக்கும் பிரதி போகட்டும். செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நேர அட்டவணை வந்த பிறகு கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் காலம் பிந்தியே முடிவுக்கு வரும், ஏனென்றால் சபைகள் நாள் குறித்துத்தான் கூடும். உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று திகதியோடு கையொப்பம் வாங்க மறக்காதீர்கள். கடிதத்தின் நடுப் பந்தி இப்படி அமையலாம். எண்களை உங்கள் சோதனைத் தாளில் இருந்து போடுங்கள்:

“கையால் எழுதும்போது தொடக்கத்தில் 10 நிமிடத்துக்கு 400 எழுத்தளவில் எழுதுகிறேன். ஒரு மணித்தியாலத்தின் பின் அது 250 ஆகக் குறைகிறது. வாசிக்க முடியாத சொற்களும் கூடுகின்றன. அதே நேரத்தில் கணினியில் 600 எழுத்து அடிக்கிறேன், ஒரு மணித்தியாலத்தின் பின்னும் அந்த வேகம் குறைவதில்லை. ஆகவே எழுத்துப் பரீட்சைகளில் இணைய இணைப்பு இல்லாத கணினி ஒன்றைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன். சோதனைத் தாள்களும் வைத்திய அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன.”

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது கூடுதல் நேரம். பிரித்தானியாவில் வழமையாக 25 வீதம் கொடுப்பார்கள், 3 மணித்தியாலப் பேப்பருக்கு 45 நிமிடம். கை மெதுவாக, ஆனால் ஒரே சீராக ஓடுபவருக்கு இது பொருந்தும். ஒரு மணித்தியாலத்தில் விரல் இறுகி, மணிக்கட்டு வலித்து நின்றுபோகும் ஒருவருக்கு 45 நிமிடம் கூட்டிக் கொடுத்தால், வலியும் 45 நிமிடம் கூடுகிறது. அவருக்கு வேண்டியது ஓய்வு இடைவேளை. மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்து, கையை விரித்து, எழுந்து நிற்க விடவேண்டும். அந்த 10 நிமிடம் பரீட்சை நேரத்தில் சேராது. உங்கள் சோதனைத் தாளில் தொடக்க வேகமே குறைவாக இருந்தால் நேரம் கேளுங்கள். தொடக்கம் சரியாக இருந்து பின்னால் விழுந்தால் இடைவேளை கேளுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம்.

கணினி பலருக்கு நல்ல தீர்வு. ஆனால் கேட்பதற்கு முன் அதே 10 நிமிடச் சோதனையைத் தட்டச்சிலும் செய்து பாருங்கள். டிஸ்பிராக்சியா உள்ளவர்களில் சிலருக்கு விசைப்பலகையிலும் விரல் பின்தங்கும். மூன்று மாதம் நாளுக்கு 20 நிமிடம் பழகியும் கையெழுத்தைவிட வேகம் கூடவில்லை என்றால் அதைக் கேட்டுப் பயனில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாமினி அமைப்பில் பழகியவருக்கும் ஒலிப்பு முறையில் பழகியவருக்கும் விசைகள் வேறு வேறு. பரீட்சை மண்டபக் கணினியில் உங்கள் அமைப்பு இல்லாவிட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடுவீர்கள். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குறியீடுகளாகத் தெரியும். ஆகவே யுனிகோட் எழுத்துரு, உங்கள் விசைப்பலகை அமைப்பு இரண்டையும் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் கேளுங்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் முன் அந்தக் கணினியில் அரை மணித்தியாலம் அடித்துப் பார்க்க அனுமதி வாங்குங்கள். கரண்ட் போனால் இழக்கும் நேரத்தைக் கூட்டித் தருவார்களா, யு.பி.எஸ். இருக்கிறதா, விடை எந்த பென்டிரைவில் சேமிக்கப்படும் என்பவற்றையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். பேப்பர் முடிந்ததும் அங்கேயே அச்சடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் நீங்களும் மேற்பார்வையாளரும் கையொப்பம் இடுவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஒருவரை வைத்துக்கொள்வதைக் கடைசி வழியாக வைத்திருங்கள். வாயால் சொல்லி விடை அமைப்பது தனித் திறமை. அவரோடு இரண்டு மூன்று பழைய பேப்பர் செய்து பழகாமல் மண்டபத்துக்குப் போனால் இருவரும் தடுமாறுவீர்கள்.

பல்தேர்வு வினாக்களில் வட்டம் நிரப்புவது பெரிய பொறி. ஒரு வரி தவறி நிரப்பினால் அதற்குப் பின் எல்லாமே பிழையாகும். வினாத்தாளிலேயே விடையைக் குறித்து, மேற்பார்வையாளர் அதை வட்டத்தாளுக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒளிபுகா அடிமட்டம் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, ஐந்து வினாவுக்கு ஒருமுறை இலக்கத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: இதற்கு மருந்து இருக்கிறதா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: இல்லை. குறிப்பிட்ட ஒரு வேலையை, அதே வேலையைச் செய்து பழகுவதுதான் பலன் தரும். பொதுவாகக் கைப்பயிற்சி செய்தால் எழுத்துத் தானாகச் சீராகிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கவனக் குறைபாடும் சேர்ந்து இருப்பவர்கள் பலர். அதற்கு மருந்து உண்டு, உளநல வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிறேன். இரசாயனவியல் லாப்தான் பயம். ஒரு மாதத்தில் இரண்டு குழாயியை (பிப்பெட்) உடைத்துவிட்டேன். அளவியில் (பியூரெட்) முடிவுப் புள்ளி, அதாவது நிறம் மாறும் இடம், எப்போதும் தாண்டிவிடும். உம்மா “அவசரப்படாதே” என்கிறா, ஆனால் நான் அவசரப்படுவதில்லை.
– மாணவன்

பதில்: அவசரம் இதில் காரணமே இல்லை, தம்பி. நியமிப்பில் (டைட்ரேஷன்) இடது கை அளவியின் திறப்பைத் திருக வேண்டும், வலது கை கூம்புக் குடுவையைச் சுழற்ற வேண்டும், கண் நிறத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு அசைவு செய்வது டிஸ்பிராக்சியா உள்ள பலருக்குக் கடினமானது. சுழற்றும் கவனத்தில் திறப்பு அகலத் திறந்துவிடும், புள்ளி தாண்டிவிடும்.

ஆகவே ஒரு கையின் வேலையை எடுத்துவிடுங்கள். காந்தக் கலக்கி இருந்தால் குடுவையை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் திறப்பைப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் சோடி மாணவர் சுழற்றட்டும், நீங்கள் திறப்பையும் வாசிப்பையும் பாருங்கள். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நியமிப்பை வேகமாகச் செய்து ஏறக்குறைய எங்கே முடியும் என்று பிடித்துவிட்டு, அடுத்ததில் அந்த இடத்துக்கு 2 மில்லிலீற்றர் முன்னாலேயே நின்று துளித்துளியாக விடுங்கள்.

50 மில்லிலீற்றர் அளவியை நிரப்பும்போது பிடியைத் தளர்த்தி, வாய் நெஞ்சு மட்டத்துக்கு வரும்வரை கீழே இறக்குங்கள். தலைக்கு மேல் கையைத் தூக்கி அமிலம் ஊற்றுவது யாருக்கும் ஆபத்து, உங்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. வாசிக்கும்போது பிறைமட்டத்துக்கு (திரவத்தின் வளைந்த மேல்மட்டம்) பின்னால் கறுப்புப் பட்டை போட்ட வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் கண் அலையாது. குழாயிக்கு மூன்று வால்வு உள்ள றப்பர் பந்து உங்களுக்குச் சரிவராது. ஒரே கைக்குள் பிடித்து, அமத்தி, இடம் மாற்றி அமத்த வேண்டும். பெருவிரலால் சக்கரம் உருட்டும் வகை பம்ப் கேளுங்கள். பந்தைக் குழாயியில் மாட்டும்போது பலர் குழாயியின் நடுவில் பிடித்துத் தள்ளுகிறார்கள், அங்கேதான் அது முறிந்து உள்ளங்கையில் ஏறும். மேல் நுனிக்குக் கிட்டப் பிடித்து, நுனியை நீரில் நனைத்து, மெதுவாகத் திருகி மாட்டுங்கள்.

மேசையில் விளிம்பு உள்ள தட்டம் ஒன்றுக்குள் கண்ணாடிச் சாமான்களை வைத்தால் உருண்டு விழாது. நடைபாதையில் ஆட்கள் இடிக்காத ஓர மேசையைக் கேட்டு எடுங்கள். பெறுபேற்று அட்டவணையை முதல் நாளே கோடு போட்டு அச்சடித்துக்கொண்டு போங்கள். செய்முறைப் பரீட்சைக்கு முன் அதே மேசையில் வெறும் தண்ணீரால் ஒரு முழு நியமிப்புச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். செலவில்லாத இந்த உதவியைப் பொறுப்பாளர்கள் எளிதில் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு வந்தாறுமூலை கிடைத்திருக்கிறது. பாடசாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் இடம் போய்விடுமா? பகிடிவதையில் இவனைத்தான் பிடிப்பார்கள் என்று நித்திரை வருகுதில்லை.
– தாய், கல்லடி

பதில்: இடம் போகாது, அம்மா. அனுமதி இசட் புள்ளியின்படி கிடைத்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. பதிவின்போது நிரப்பும் வைத்தியப் படிவத்தில் இதை எழுதிவிடுவது நல்லது. இரண்டு வருடம் கழித்து உதவி கேட்கும்போது ‘இப்போது ஏன் சொல்கிறீர்’ என்ற கேள்வி வராது.

எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. சுகாதார நிலைய வைத்தியர், மாணவ ஆலோசகர் ஒருவர், கூட இருக்கும் நம்பிக்கையான நண்பன் ஒருவன், இவ்வளவு போதும். பகிடிவதையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வரிசையாக நட, ஓடு, இதைத் தூக்கு, அதைப் பாடி ஆடு என்று சொல்லும்போது தடுமாறுகிறவன் கண்ணில் படுவான், பிறகு திரும்பத் திரும்ப அவனையே கூப்பிடுவார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், 2 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. முதல் சம்பவத்திலேயே திகதி, நேரம், இடம் எழுதி மாணவ ஆலோசகருக்குக் கொடுக்க மகனிடம் சொல்லிவையுங்கள்.

விரிவுரைகள் தொடங்க ஒரு வாரம் முன் அவரோடு போய், விடுதியில் இருந்து விரிவுரை மண்டபம், நூலகம், சாப்பாட்டுக் கடை, சுகாதார நிலையம் வரை இரண்டு முறை நடந்து பாருங்கள். புது இடத்தில் திசை பிடிப்பதும் இவர்களில் பலருக்குக் கடினம். கடிதங்களை மட்டும் அவரே எழுதிக் கையொப்பமிடட்டும். பல்கலைக்கழகம் அவரை வளர்ந்தவராகத்தான் நடத்தும்.

கேள்வி: நான் விரிவுரையாளர். ஒருவருக்கு மட்டும் நேரமும் கணினியும் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?
– மட்டக்களப்பு

பதில்: அந்தப் பேப்பரில் நீங்கள் எதற்குப் புள்ளி போடுகிறீர்கள் என்று பாருங்கள். வரலாற்றுக் கட்டுரையில் காரணங்களுக்கும் சான்றுகளுக்கும் புள்ளி இருக்கிறது, பேனை ஓடும் வேகத்துக்கு இல்லை. அங்கே கணினி கொடுத்தால் நீங்கள் அளக்க நினைத்ததையே இன்னும் சரியாக அளக்கிறீர்கள். கைத்திறனே பாடமாக இருக்கும் இடம் வேறு. மருத்துவ பீடத்தில் ஊசி ஏற்றுவதிலும், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனத்திலும் தரத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டோம். அங்கே பயிற்சி நேரத்தைக் கூட்டலாம், அசைவை ஆறு ஏழு படியாகப் பிரித்துக் காட்டலாம், மாணவருக்குப் பக்கத்தில் ஒரே திசை பார்த்து நின்று செய்து காட்டலாம். எதிரே நின்று காட்டினால் இடம் வலம் மாற்றி யோசிக்க வேண்டிவரும்.

ஸ்லைட்டுகளை முதல் நாளே அனுப்புங்கள், பலகையைப் போனில் படம் எடுக்க விடுங்கள், ஒப்படை அறிவுறுத்தலை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். இவற்றுக்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை, முழு வகுப்புக்கும் உதவும். படத்தில் கோடு நடுங்கியிருந்தாலும் குறியீடுகள் சரியான இடத்தில் இருந்தால் புள்ளியை வெட்டாதீர்கள். எழுத்தைப் பார்த்து வகுப்பு முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை பிறகு உங்களிடம் உதவி கேட்டு வரமாட்டாள்.

கேள்வி: விடுதியில் நாங்களே சமைக்கிறோம். எனக்குக் கை சுடுவதும் வெட்டுவதும் வழக்கமாகிவிட்டது. சேலை கட்டும் நாட்களில் இரண்டு மணித்தியாலம் போகிறது.
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: கஞ்சி வடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கொதிக்கும் பானையை இரண்டு துணியால் பிடித்துச் சரிக்கும் அந்த வேலைதான் சமையலிலேயே உங்களுக்கு ஆபத்து கூடியது. நான்கு பேர் சேர்ந்து ரைஸ் குக்கர் ஒன்று வாங்கலாம், விடுதி அறையில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. வெங்காயத்தை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள். தேங்காய் திருவ, மேசையில் இறுக்கிக் கைபிடியைச் சுற்றும் திருவலை எடுங்கள். அதுவும் கடினம் என்றால் தேங்காய்ப்பால் மாவே போதும்; அந்த வேலையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் சந்தைக்கோ கணக்குக்கோ பொறுப்பெடுத்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

சேலைக்குக் கொய்யகத்தை முதல் நாள் இரவே மடித்து ஊசி குத்தி, ஸ்திரிக்கை போட்டுத் தொங்கவிடுங்கள். தையற்காரரிடம் கொடுத்து மடிப்புகளைத் தைத்து, இடுப்பில் கொளுக்கி வைத்துவிட்டால் 10 நிமிடத்தில் உடுக்கலாம்.

கேள்வி: விண்ணப்பித்தேன். “அப்படி ஒரு விதி இல்லை” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
– மாணவன், கல்முனை

பதில்: வாயால் வந்த பதிலை விண்ணப்பத்தின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். கூடவே சிரேஷ்ட மாணவ ஆலோசகரைச் சந்தித்துப் பழைய கடிதத்தைக் காட்டுங்கள். பல நேரம் கடிதத்தில் ‘உதவி செய்யவும்’ என்று மட்டும் இருப்பதால்தான் அது அப்படியே திரும்பி வருகிறது. மேலே சொன்ன முறையில் திருத்தி எழுதினால் அங்கேயே தீரலாம்.

பரீட்சை விதிகளைக் காட்ட மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லவேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24 ஆம் உறுப்புரை, உயர்கல்வியில் நியாயமான வசதிப்படுத்தல் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. அது நேரடியாக எங்கள் நீதிமன்றச் சட்டம் ஆகாது என்றாலும் கடிதத்தில் காட்டப் பெறுமதியுள்ளது. அரசியலமைப்பின் 12(4) ஆம் உறுப்புரையும் இயலாமை உள்ளவர்களுக்கு விசேட ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. ‘ஒருவருக்கு மட்டும் செய்ய முடியாது’ என்ற பதிலுக்கு அதைக் காட்டுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. மறுப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு உள்ள ஒரு மாத எல்லை, அப்படிக் கொடுத்தால்தான் விசாரணை நடக்கும் காலத்தில் ஓடாமல் நிற்கும்.

கேள்வி: அடுத்த வருடம் இங்கிலாந்தில் பட்டமேற்படிப்பு. அங்கே என்ன கிடைக்கும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: அங்கே மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகத்தின் மேல் விதிக்கும் கடமை, எந்த நாட்டு மாணவருக்கும் ஒன்றுதான். கூடுதல் நேரம், கணினி, தனி அறை, விரிவுரைப் பதிவு ஆகியவற்றை அதன் கீழ் கேட்கலாம். விண்ணப்பப் படிவத்தில் இயலாமை பற்றிய பகுதியை நிரப்புங்கள். அனுமதிக் கடிதம் வந்தவுடன் அவர்களின் மாற்றுத்திறன் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எப்படியான அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் கிளினிக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. ஆனால் கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதி போதாது. நிபுணரின் பெயர், பதிவு இலக்கம், திகதி, கையொப்பம், எந்தெந்த வேலை எப்படிப் பாதிக்கப்படுகிறது என்ற விவரம் எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்கும் விசேட ஏற்பாடு உண்டு. திகதி பதிவதற்கு முன்பே பரீட்சை நிலையத்துக்கு அதே அறிக்கையைக் கொடுத்து, கணினி வழிப் பரீட்சையா கூடுதல் நேரமா எது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.